ஏழு செல்லாத ஓட்டுகள்

இடது கை உள்ளே போய்விட்டது. வலது கைதான் சிக்கல். அதில் சலைன் ஊசி ஏறியிருந்தது. ஊசிக்கு வாலாக ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஒரு பை, பையைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி. கம்பியையும் சேர்த்துக் கோட்டுக் கைக்குள் நுழைக்க முடியாது என்று அன்னபாக்கியம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அப்ப தோள்ல போடு," என்றார் நல்லசாமி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவருக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "சின்னம்... வெளிய தெரியணும்."

"ஆஸ்பத்திரி கவுனுக்கு மேல கோட்டா? நர்ஸ் பொண்ணு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ரிசல்ட் வர்ற நேரத்துல... தலைவர்னு ஒருத்தன் படுத்த கோலத்துலயா இருக்கறது?"

அன்னம் கோட்டை அவர் வலது தோளில் சாத்தி, சரிந்துவிடாமல் தலையணையை முட்டுக் கொடுத்தாள். மார்பில் தங்க ஜரிகைப் பூட்டு ஒன்று மின்னியது. அந்தப் பூட்டை அவள்தான் தைத்தாள்.

பூட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் மே மாதம் இந்தோனேசியாவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த ஜெனரல் எழுந்து போனதும், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வைத்திருந்தவர்களெல்லாம் கட்சி ஆரம்பித்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஓட்டுச்சீட்டில் நின்றவை நாற்பத்தெட்டு. அதில் ஒன்று தேசிய ஒழுங்குக் கட்சி. மேடான் நகரத்தில் பணி ஓய்வு பெற்ற ஒரு கர்னல் நிறுவியது. சின்னம் பூட்டு. 'வீட்டுக்குப் பூட்டு, நாட்டுக்கு நாம்' என்பது முழக்கம். ஜெனரல் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அந்த ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவருவோம் என்பது கொள்கை. கொள்கை அவ்வளவுதான். மீதியைப் பதவிக்கு வந்த பிறகு சொல்வதாகக் கர்னல் வாக்களித்திருந்தார்.

மேடானில் இளவயதில் அந்தக் கர்னலின் முகாமுக்கு லாரி ஓட்டியவர் நல்லசாமி. பிறகு ஆக்லாந்து வந்து, ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் சரக்குப் பார்த்து, ஓய்வு பெற்று, கிளென் ஈடன் வீட்டில் புல்வெட்டும் இயந்திரத்தோடு தகராறு செய்துகொண்டிருந்தவருக்கு, ஒரு நாள் ஃபாக்ஸ் வந்தது. 'நியூசிலாந்து மற்றும் தென் பசிபிக் தீவுகளுக்கான பிரதிநிதி' என்று நியமனம். தீவுகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கராஜிலிருந்த புல்வெட்டியை வெளியே தள்ளிவிட்டு, கட்சி அலுவலகம் உள்ளே வந்தது. பொருளாளர், ஒடாஹுஹுவில் மளிகைக்கடை வைத்திருக்கும் குணரத்தினம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்தோனேசியாவை விமானத்தின் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஃபாக்ஸ் இயந்திரம் அவர் கடையில்தான் இருந்தது.

'தென் பசிபிக்கில் நம் அலை வீசுகிறது' என்று நல்லசாமி மாதாமாதம் அறிக்கை அனுப்பினார்.

அலைக்கு ஒரே ஒரு சின்னக் குறை. பிரதிநிதிக்கு ஓட்டு இல்லை. பென்ஷன் சௌகரியத்துக்காக எப்போதோ நியூசிலாந்துக் குடியுரிமை வாங்கிவிட்டார். இந்தோனேசியாவில் இரண்டு குடியுரிமை கிடையாது. இதை வாங்கினால் அது போய்விடும். 'உடம்புதான் நியூசிலாந்து, ரத்தம் இந்தோனேசியா' என்று அவர் விளக்கம் வைத்திருந்தார். கர்னலுக்கு அந்த விளக்கத்தைச் சொல்லும் சந்தர்ப்பம் மட்டும் அமையவில்லை. மகள் ஷாமினியும் நியூசிலாந்துக்காரி. பழைய பச்சைப் பாஸ்போர்ட்டை மாற்றாமல் வைத்திருந்தது அன்னம் ஒருத்திதான். என்றைக்காவது மேடானுக்குப் போனால் விசா கேட்டு நிற்கக் கூடாது என்பது அவள் எண்ணம். ஆக, பூட்டுக் கட்சியின் தென் பசிபிக் அலை என்பது அன்னபாக்கியம்தான்.

இன்று காலை டாக்டர் ஷாமினியைத் தனியே கூப்பிட்டு, இரண்டு நுரையீரலிலும் நீர் நிறைந்துவிட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று சொல்லியிருந்தார். ஷாமினி அதை அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெலிங்டனில் இருக்கும் இந்தோனேசியத் தூதரகத்தில் ஓட்டு எண்ணியாகிவிட்டதா?

"ஒன்னாவது விழுந்திருக்கும்," என்றார் இப்போது, கூரையைப் பார்த்தபடி. "உன்னோடது. ஒன்னு விழுந்தா போதும். கர்னல் முன்னால தலை நிமிந்து நிப்பேன்."

அன்னம் தலையணையை மறுபடியும் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

எப்படியும் இன்றைக்குத் தூதரகத்திலிருந்து போன் வந்துவிடும்.

நியூசிலாந்தில் ராணியின் பிறந்தநாள் விடுமுறையன்று தேர்தல் நடந்தது. முந்தின இரவே பஸ் பிடித்து இருவரும் வெலிங்டன் போனார்கள். அதற்கு முன் ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. இந்தோனேசியாவில் பேனாவால் கோடு போடுவதில்லை. ஆணியால் சின்னத்தின் மேல் துளை குத்த வேண்டும். சீட்டைப் பல மடிப்பாக மடித்துத் தருவார்கள். விரிக்காமல் குத்தினால் இரண்டு துளை, ஓட்டு செல்லாது. பழைய காலண்டர் தாள்களை மடித்துக் கொடுத்து, "விரி, நீவு, குத்து" என்று நல்லசாமி பயிற்சி கொடுத்தார். நகர மையத்தில் ஒரு தையல் கடையில் பகல் முழுக்கப் பட்டன் துளை போட்டுவிட்டு வந்தவள், ராத்திரி வீட்டிலும் உட்கார்ந்து துளை போட்டாள்.

தூதரக வாசலில் அவரையும் உள்ளே விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தார். கட்சியின் சார்பில் உட்கார்ந்து கண்காணிக்க வந்திருப்பதாக வாசலில் இருந்த இளைஞனிடம் சொன்னார். அவன் பாஸ்போர்ட் கேட்டான். பார்த்தான். ரொம்ப மரியாதையாக, "வெளிநாட்டுக்காரர்கள் வெளியே காத்திருக்க வேண்டும், ஐயா" என்றான்.

வெலிங்டன் காற்று தென்துருவத்தில் புறப்பட்டு வழியில் எங்கும் தங்காமல் வருவது. மழையும் கூடவே வந்தது. அன்னம் அவருக்கு மழைக்கோட்டை எடுத்துக்கொடுத்தாள். போட்டால் கோட்டிலிருக்கும் சின்னம் மறைந்துவிடும் என்று அவர் வாங்கவில்லை. குடை முதல் வீச்சிலேயே மடங்கிக் கம்பியாகிவிட்டது.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தடுப்புக்குப் பின்னால் அவள் தனியாக நின்றாள். மடிப்புகளை விரித்தாள். உள்ளங்கையால் நீவினாள். பூட்டு மூன்றாவது வரிசையில் இருந்தது. ஆணியை அதன் மேல் கொண்டுபோனாள்.

அப்போது அவளுக்குச் சியூ லான் நினைவு வந்தாள். மேடானில் அவர்கள் வீட்டுக்கும் சியூ லானின் கடைக்கும் நடுவே ஒரே சுவர். ஷாமினி நடை பழகியது அந்தக் கடையின் அரிசி மூட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான். போன வருஷக் கலவரத்தில் சீனர் கடைகளைச் சூறையாடியபோது அந்தக் கடையும் போனது. "ஷட்டரைக்கூடக் கழட்டிட்டுப் போயிட்டாங்க அன்னம்" என்று போனில் சியூ லான் சொன்னாள்; அழவில்லை. அந்த வாரமே கர்னல் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருந்தார். 'மக்கள் தங்களுடையதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.' அதை நல்லசாமி உரக்கப் படித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "பத்திரிகைக்காரன் திரிச்சு எழுதறான்" என்றார்.

கட்சியில் பதவி மண்ணின் மைந்தர்களுக்கு மட்டும் என்று ஒரு விதி இருந்தது. "நாமளும் அங்க வந்தவங்கதானே?" என்று அன்னம் ஒரு தரம் கேட்டாள்.

"நாம கூலிக்கு வந்தோம். சீனன் கடை போட வந்தான். ரெண்டும் ஒன்னா?" என்றார் அவர்.

ஆணி நகர்ந்தது. கடைசி வரிசையில் ஒரு குடை இருந்தது. சிறுபான்மைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குட்டிக் கட்சி. ஹாலில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலில் சியூ லானின் குடும்பப் பெயர் போல ஒரு பெயரை அவள் பார்த்திருந்தாள். குடையின் நடுவில் ஒரே ஒரு துளை. கிழிசல் இல்லை, பிசிறு இல்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

தடுப்பிலிருந்து வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டதும், தூதரகத்துப் பெண்கள் இஞ்சி டீயும் வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டையும் கொடுத்தார்கள். மேடான் ருசி. அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே அவர் நனைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. இரண்டாவது உருண்டையை அவள் நிதானமாகத்தான் சாப்பிட்டாள்.

திரும்பி வந்த பஸ்ஸிலேயே அவருக்குக் குளிர் எடுத்தது.

ஷாமினி வார்டுக்குள் வந்தாள். வங்கியிலிருந்து லீவு போட்டு வந்தவள், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் முடிவுகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பா, எம்பஸில சொல்லிட்டாங்க. ஜகார்த்தால இருந்து ஓகே வந்துடுச்சாம். ஆர் யூ ரெடி?"

நல்லசாமி இடது கையால் பூட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "படி."

ஷாமினி பெரிய கட்சிகளை முதலில் படித்தாள். அவர் ஈ ஓட்டுவதுபோல் கையசைத்தார். நாடு முழுக்க எண்ணிக்கை ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகையில் தினமும் ஐந்தாறு கட்சிகளின் பெயரைப் போட்டு, கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி போடுவார்கள். 'மற்றவைல நாமதான் முதல்ல' என்பது அவருடைய கணிப்பு.

"சின்னக் கட்சிங்களப் படி."

"குடை, நாலு."

"சீனன் கட்சி. இங்கயும் நாலு பேர் இருக்கானுங்களா?" இருமல் வந்தது. "நம்மது?"

ஷாமினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"ஸீரோ, அப்பா."

"என்னா?"

"ஒன்னும் விழல."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் டெலிவிஷனில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசாமி கூரையிலிருந்து கண்ணை மெல்ல இறக்கி, மனைவியின் முகத்தில் நிறுத்தினார். வீட்டில் ஒரு ஓட்டு. பெட்டியில் பூஜ்யம். இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். அன்னம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"செல்லாதது எத்தனை?" என்றார் நல்லசாமி.

"செவன்," என்றாள் ஷாமினி.

மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த ரத்தம் அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"ஏழா! பாத்தியா? விரிக்காம குத்திட்டா! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... ஒரு மாசம்... எத்தனை காலண்டர் கிழிச்சேன்... அன்னம், ஒரு மடிப்பு விரிக்கத் தெரியலயா உனக்கு?"

அன்னம் வாயை மூடிக்கொண்டாள்.

"பேப்பர் எடு ஷாமினி. எழுது. மாண்புமிகு கர்னல் அவர்களுக்கு. நியூசிலாந்து முடிவுகள். நமக்கு விழுந்த ஏழு வாக்குகளும்... வாக்காளர்களின் மிதமிஞ்சிய ஆர்வத்தால்... செல்லாமல் போயின."

"ஏழும் நமக்குன்னு எப்படித் தெரியும் அப்பா? தட்ஸ் நாட்..."

"அவ்வளவு ஆவேசமா குத்தறவன் வேற எந்தக் கட்சில இருக்கான்? எழுது. அதில் ஒன்று, என் மனைவியின் அனுபவமின்மையால் என்பதை... வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்."

தன் ஓட்டு எங்கேயோ வெலிங்டனில் ஒரு கட்டுக்குள், நாலில் ஒன்றாக, பத்திரமாக இருக்கிறது என்பது அன்னத்துக்குத் தெரியும். இங்கே, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அதை இரண்டாகக் குத்திக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடைபாதையில் ஷாமினி அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, நெஜமாவே ரெண்டு துளை போட்டீங்களா?"

"நான் எவ்வளவு காலமா பட்டன்ஹோல் போடறேன்?" என்றாள் அன்னம்.

ஷாமினி ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் லிஃப்டிலிருந்து குணரத்தினம், கையில் ரசம் ஃபிளாஸ்கோடு இறங்கிவிட்டார்.

"எப்பிடி இருக்கிறார் மந்திரியார்? ஆட்சி அமைச்சாச்சோ?"

உள்ளே போய் அறிக்கையை வாங்கிப் படித்தவர், நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா! ஒரு அரசாங்கத்தையே கவுத்துப் போட்டியளே! அண்ணை, இனி உங்களுக்கு வீட்டிலதான் எதிர்க்கட்சி."

நல்லசாமி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீலமாகி, டோங்கா தீவுக்கார நர்ஸ் ஓடிவந்து ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி இறுக்கினாள். குணரத்தினம் அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

அன்னம் சொன்னாள்.

"ஓம்," என்றார். கொஞ்ச நேரம் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். "நான் போய் இதை அனுப்பிப்போட்டு வாறன். மனுசன் கேப்பார்."

மத்தியானம் ஷாமினி கீழே காப்பி குடிக்கப் போனாள். நல்லசாமி கண்ணை மூடியிருந்தார். அன்னம் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை சுட்டது.

"நான் கோவிச்சுக்கல," என்றார் அவர், முகமூடிக்குள்ளிருந்து. "உனக்கு... அவ்வளவுதான் வரும். தெரிஞ்சதுதானே."

இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். கல்யாணமான புதிதில் சோறு குழைந்தபோதும், ஆக்லாந்தில் கார் ஓட்டப் பழகி வேலியில் இடித்தபோதும் சொன்ன அதே குரல். அந்த அன்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரிச்சேன்," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"எல்லா மடிப்பையும் விரிச்சேன். நீவினேன். ஒரே துளை. நட்டநடுவுல."

"எதுல?"

பக்கத்துக் கட்டில் ரக்பியில் யாரோ விசில் ஊதினார்கள்.

"குடைல."

நல்லசாமி அவளைப் பார்த்தார். வார்டு தப்பி வந்துவிட்ட யாரோ ஒரு பெண்மணியைப் பார்ப்பதுபோல், யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்கப்போகிறவர்போல் பார்த்தார். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். சியூ லானின் பெயரைச் சொல்லலாம். பேட்டியைச் சொல்லலாம். ஒட்டரிசி உருண்டையைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் மற்றது விட்டுப்போகும்போல் இருந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன் ஷாமினி அப்பா."

அவர் கையை அவள் கையிலிருந்து உருவினார். அந்தக் கையால் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"ரிப்போர்ட்ட... குணம் எடுத்துட்டுப் போயிட்டானா?"

"போயிட்டாரு. கடைக்குப் போய்த்தான் அனுப்புவாரு. போன் பண்ணி நிறுத்தச் சொல்லவா?"

தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"போகட்டும். அப்படியே."

முகமூடி பழைய இடத்துக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளிருந்து இன்னொரு வார்த்தை வந்தது.

"ஏழுதான்."

அவ்வளவுதான் அவர் பேசியது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு, ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாதத்து இருட்டு இறங்கியபோது, கோட்டு தோளிலிருந்து சரிந்தது. அன்னம் அதை எடுத்துப் போடக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

அவர் அவளைக் காப்பாற்றினாரா, தன் அறிக்கையில் ஒரு வரியைக்கூட அடிக்க மனமில்லாமல் சொன்னாரா என்பது அவளுக்கு அன்று ராத்திரி முழுக்க விளங்கவில்லை. ஏழும் செல்லாமல் போனது ஒரு தோல்வி. அதில் மனைவியின் ஓட்டு இல்லை என்பது சொந்த வீட்டிலேயே தோல்வி. மனுஷன் இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்திருக்கலாம். அந்த ஒரு மூச்சுதான் அவரிடம் மீதியிருந்தது.

வைகுமெட்டே மயானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். உடுத்திவிட வேட்டி எடுத்து வைத்திருந்தாள் அன்னம். கோட்டும் இருக்கட்டும் என்று குணரத்தினம் சொன்னார். இந்தத் தடவை இரண்டு கையும் சிரமமில்லாமல் உள்ளே போயின.

சடங்கு ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குணரத்தினம் அவளைத் தூண் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அறிக்கை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"அக்கா, இது போகேல்ல."

"எது?"

"ரிப்போர்ட். மூண்டு நாளா அனுப்பிப் பாத்தன். அந்த நம்பர் வேலை செய்யேல்ல. பிறகு மேடானில எனக்குத் தெரிஞ்ச ஒரு வியாபாரியிட்டக் கேட்டன். கட்சி ஒஃபிசைக் காலி பண்ணிப்போட்டினமாம். கர்னல் பெரிய கட்சியொண்டில போய்ச் சேந்திட்டாராம், ஆலோசகரா. வோட்டு எண்ணி முடியிறதுக்கு முன்னமே."

அன்னம் பெட்டியைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. தங்க ஜரிகை இங்கிருந்தே தெரிந்தது.

"அவருக்குத் தெரியாது," என்றாள்.

"தெரியாது. நல்ல காலம்." குணரத்தினம் தயங்கினார். "இப்ப நான் ரெண்டு வார்த்தை பேசவேணும். ஏழு வோட்டுக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு வேற ஒண்டும் பிடிபடேல்ல. ஆனா அதில உங்கட பேர் வருது. சனம் சிரிக்கும். உங்களுக்குக் குறையாப் போயிடும். அதை விட்டுவிடட்டே?"

அறிக்கை யாருக்கும் போய்ச் சேரவில்லை. சேர வேண்டிய கட்சியும் இல்லை. அப்படியே போகட்டும் என்று அவர் சொன்னது இனி உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் இப்போது வாயைத் திறந்தால், இந்த ஹாலில் இருக்கும் அத்தனை பேருக்கும், அன்னபாக்கியம் தன் கையால் ஒழுங்காகக் குத்தினாள், தான் நினைத்ததைக் குத்தினாள் என்று தெரிந்துவிடும்.

"சொல்லுங்க," என்றாள். "அப்படியே சொல்லுங்க."

குணரத்தினம் சொன்னார். யாழ்ப்பாணத்து மேடைத் தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, தென் பசிபிக்கின் ஒரு தூண் சாய்ந்தது என்று ஆரம்பித்தார். எழுவர் நெஞ்சில் எரிந்த தீ பற்றிச் சொன்னார். "அதில் ஒரு வாக்கு, எங்கள் அக்காவினுடையது. கணவன் மேல் வைத்த அன்பு மிகுதியால், ஒரு துளை போதாதென்று இரண்டு துளை குத்தியவர்!" என்று கை நீட்டினார். ஹாலில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்து, இடம் நினைவு வந்து அடங்கியது. எல்லாருடைய கண்ணும் அவள்மேல் கனிவாக வந்து உட்கார்ந்தன. அன்னம் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கம் என்று அதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து, பக்கத்து அறையில் டீ கொடுத்தார்கள். தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் செயலாளர் ரங்கநாதன், திருச்சிக்காரர், கப்பும் சாசருமாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு எந்தத் தவறையும் விளக்காமல் விட முடியாது.

"கவலப்படாதீங்கம்மா. இது யாருக்கும் நடக்கறதுதான். அதாவது, காகிதம் மடிஞ்சிருக்கும்போது துளையானது அடுத்த மடிப்புலயும் விழும், இல்லையா?"

"ஆமாங்க."

"முதல்ல விரிக்கணும். விரிச்சுட்டு, ஒரே ஒரு தடவ. ரொம்ப சிம்பிள்."

"சரிங்க."

"அடுத்த எலெக்‌ஷன்ல ஞாபகம் வெச்சுக்கங்க."

"வெச்சுக்கறேன்."

ரங்கநாதன் திருப்தியாக ஒரு வாய் டீ குடித்தார். "அவர் ரொம்பப் பெருந்தன்மையான மனுஷர். நீங்க பண்ணினதுக்கு வேற யாராயிருந்தாலும் கத்தியிருப்பாங்க."

"கத்தல," என்றாள் அன்னம். அவள் குரலில் என்னவோ இருந்ததால், அவர் கப்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார்.

ஷாமினிதான் காரை ஓட்டினாள். மாலை மங்கி, தூறல் விழுந்துகொண்டிருந்தது. மயானத்து வாசலைத் தாண்டி ரயில் பாதை. அவர்கள் நெருங்குவதற்கும் மணி அடித்துத் தடுப்புக் கட்டை இறங்குவதற்கும் சரியாக இருந்தது. ஷாமினி நிறுத்தினாள். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது.

"அம்மா."

"ம்."

"அன்னைக்கு நான் படிச்சேன்ல... அந்தக் குடைக்கு..." அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு."

"ஆமா."

"நாலுல..."

ஷாமினி முடிக்கவில்லை. அன்னம் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நகரத்துக்குப் போகும் ரயில் வந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது; ஆள் அதிகமில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனாள்.

மணி நின்றது. கட்டை மேலே ஏறியது. ஷாமினி ஒரு கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தாள். கியரை மாற்றவில்லை. பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.